மூன்று லட்சத்துக்குள் தங்கையின் கல்யாணம்: மண்டபம் எப்படிப் பார்ப்பது?

தங்கையின் கல்யாணத்துக்கு நகை, சீர் போகக் கையில் மூன்று லட்சம்தான் இருக்கிறது, பார்த்த மண்டபமெல்லாம் வாடகையே ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள், கடன் வாங்காமல் முடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. 2023 ஆவணியில் என் தங்கை கல்யாணத்தை ஏறக்குறைய இதே தொகையில் நடத்தினோம். எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மண்டப ஆபீசில் உட்கார்ந்து வாடகையைக் கேட்டுவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று எழுந்து வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழு மண்டபத்தில் அப்படி எழுந்து வந்திருக்கிறேன்.

அந்த ஏழு இடத்திலும் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பேர் வருவாங்க?" நாங்களும் ஒவ்வொரு தடவையும் "எண்ணூறு, ஆயிரம் இருக்கும்" என்றோம். யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதில்லை, கல்யாணம் என்றால் ஆயிரம் என்று வாயில் வந்துவிடுகிறது. ஆயிரம் பேர் என்றதும் அவர்கள் பெரிய ஹாலைக் காட்டினார்கள். பெரிய ஹாலுக்கு ஏற்ற வாடகை, ஏற்ற மேடை அலங்காரம், ஏற்ற கரண்டு பில். நாங்கள் சொன்ன ஒரு எண்தான் எங்களை எட்டாத மண்டபங்களுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அதை நிறுத்தியவர் சித்தப்பா. ஒரு நாள் சாயங்காலம் தன் மகள் கல்யாணத்தின் மொய் நோட்டைக் கையோடு எடுத்து வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் வரியில் தாய்மாமன் பெயரோடு தொடங்குகிற நீள நோட்டு. "உன் கல்யாணத்துக்கு யாரு வரப்போறான்னு இதுலயே எழுதி இருக்குப்பா" என்றார். பாயில் உட்கார்ந்து அம்மா ஒவ்வொரு பெயராகப் படிக்க, நான் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மொத்தம் 212 பெயர். பலர் தனியாக வருகிறவர்கள், சிலர் இரண்டு பேராக வருகிறவர்கள். தெருக்காரர்களையும் தங்கையின் ஆபீஸ் ஆட்களையும் சேர்த்துப் பார்த்தால் 320 பேர்தான் தேறியது. உங்கள் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ கடைசியாக நடந்த விசேஷத்தின் மொய் நோட்டு நிச்சயம் இருக்கும். இனி ஒரு மண்டபத்தைப் பார்க்கப் போவதற்கு முன் அதை எடுத்து எண்ணிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அப்பாவுக்கு முதலில் மனசில்லை. பெண் வீட்டார் போய்ச் செலவைப் பற்றிப் பேசினால் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்தார். ஆனால் அங்கே பேச்சு சுலபமாகப் போனது. எங்களால் இவ்வளவுதான் முடியும், உங்கள் பக்கம் எத்தனை பேர் என்று தெரிந்தால் அதற்கேற்ற இடம் பார்ப்போம் என்று அப்பா நேராகச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு பஸ்ஸுக்கு மேல வராது சம்பந்தி, நான் பாத்துக்குறேன்" என்றார். இரண்டு பஸ் என்றால் நூறு பேர். ஆக மொத்தம் 420. முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் வேண்டாம், பிறகு தங்கள் ஊரில் சின்னதாக வைத்துக்கொள்கிறோம் என்றும் அவரே சொன்னார். எங்களுக்கு மிச்சமானதில் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரப் பேச்சில் மிச்சமானதுதான். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் இல்லை என்றால் ராத்திரிச் சாப்பாடு இல்லை, ஏசி இல்லை, மண்டபத்தை ஒன்றரை நாள் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கு அப்புறம்தான் எங்களுக்கு வழி தெரிந்தது: தாலி கட்டும் இடத்தையும் சாப்பாடு போடும் இடத்தையும் பிரித்துவிடுவது. கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவந்திபுரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி என்ற சிறு குன்று. 74 படி ஏறினால் மேலே ஹயக்ரீவர் சன்னதி, பக்கத்தில் திருமணங்கள் நடக்கும் மண்டபம். ஆவணி, தை மாதத்துப் பெரிய முகூர்த்த நாளில் அங்கே நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும். வேண்டுதலுக்காக வந்து கட்டுகிறவர்கள் உண்டு, எங்களைப் போல் செலவுக்குப் பயந்து வருகிறவர்களும் உண்டு, பெரிய வசதிக்காரர்களும் உண்டு. கோயிலில் தாலி கட்டினால் வசதியில்லாதவர்கள் என்று நினைப்பார்களோ என்று உங்கள் வீட்டில் யாராவது தயங்கினால், ஒரு முகூர்த்த நாள் காலையில் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கோயில் கட்டணம் மண்டப வாடகையோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ஆனால் ஆபீசில் கேட்கும் காகிதங்களை முன்கூட்டியே தயார் செய்துகொள்ள வேண்டும். இருவரின் ஆதார், வயதுச் சான்று, போட்டோ, இது முதல் திருமணம்தான் என்று வி.ஏ.ஓ. தரும் சான்று, இரு பக்கப் பெற்றோர் என்று கேட்பார்கள். வி.ஏ.ஓ. சான்றுக்குத்தான் நாள் பிடிக்கும், அதை முதலில் முடியுங்கள். கோயில் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அங்கே அந்த ரசீது தேவைப்படும். மணமக்களில் ஒருவர் மாற்றுத்திறனாளி என்றால் அறநிலையத்துறைக் கோயில்களில் திருமணக் கட்டணம் கிடையாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. ரொம்பவே முடியாத குடும்பங்களுக்கு அதே துறை 4 கிராம் தங்கத் தாலியோடு இலவசத் திருமணமும் நடத்தி வைக்கிறது. அதற்கு உங்கள் ஊர்க் கோயில் அலுவலகத்திலேயே விசாரிக்கலாம்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. மதுரை என்றால் திருப்பரங்குன்றம், திருச்சி என்றால் வயலூர், கோவை என்றால் மருதமலை, சென்னை என்றால் வடபழனி. எங்கும் இதே வழக்கம்தான். கோயில் வேண்டாம் என்கிற குடும்பம் என்றால் சுயமரியாதைத் திருமணம் 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி செல்லும், அதற்கு ஒரு சின்ன ஹாலே போதும்.

தாலி கட்டுவது கோயிலில் என்று முடிவானதும், தேட வேண்டியது மேடையும் ஆயிரம் நாற்காலியும் உள்ள மண்டபம் அல்ல, ஒரு நல்ல சாப்பாட்டுக் கூடம் மட்டும்தான். அங்கே கேட்க வேண்டியது பந்திக்கு எத்தனை இலை என்று. எங்களுக்குக் கிடைத்த கூடத்தில் 120 இலை போடலாம். ஒரு பந்தி நாற்பது நிமிஷம் என்று வைத்தால் பதினொன்றரைக்கு ஆரம்பித்து இரண்டரைக்குள் நாலு பந்தி முடிந்துவிடும். 420 பேருக்கு அது தாராளம். இப்படிப்பட்ட கூடங்கள் பெரும்பாலும் விளம்பரத்தில் வராது. கோயிலுக்குச் சொந்தமான சின்ன மண்டபம், ஊர்ச் சங்க மண்டபம், நகராட்சி சமுதாயக் கூடம், சர்ச்சை ஒட்டிய ஹால் இவற்றில்தான் தேட வேண்டும். சென்னையில் மாநகராட்சிக்கே சமுதாய நலக்கூடங்கள் இருக்கின்றன. எங்கள் கூடம் சமையல் மாஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. எந்த மண்டபத்தில் தண்ணீர் வரும், எதில் வராது, எந்த மேனேஜர் கடைசியில் தகராறு செய்வார் என்று அவர்களுக்கு அத்துப்படி. மண்டபத்துக்கு முன் மாஸ்டரைப் பிடிப்பது நல்லது என்பேன்.

வாடகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மண்டபத்தில் சொல்கிற வாடகை வேறு, சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கட்டுகிற தொகை வேறு. எங்கள் உறவில் ஒரு கல்யாணத்துக்கு அறுபதாயிரம் என்று பேசிய மண்டபம் கடைசியில் ஒரு லட்சத்து எட்டாயிரத்தில் வந்து நின்றது. கரண்டு யூனிட் கணக்கு, ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு, கூட்டிப் பெருக்கக் கட்டணம், பாத்திர வாடகை, காஸ், மாப்பிள்ளை அறை ஏசி, தண்ணீர் லாரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எதையும் முதலிலேயே சொல்லவில்லை. மணமகள் காரில் ஏறி உட்கார்ந்திருக்க, அந்த வீட்டு மாமா கவுண்டரில் நின்று யாருக்கோ போன் போட்டுப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதனால் "வாடகை எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "எல்லாம் சேர்த்து, சாவி கொடுக்கும்போது எவ்வளவு கட்டணும்" என்று கேளுங்கள். கரண்டு ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் போட்டால் டீசல் யாருடையது, குப்பையை யார் அள்ளுவது, வெளி சமையலுக்கும் வெளி டெக்கரேஷனுக்கும் அனுமதி உண்டா, அதற்குத் தனியாகப் பணம் உண்டா, தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதை எல்லாம் அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். நல்ல மேனேஜர் எழுதித் தருவார். எழுதித் தர யோசிக்கிற இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சாவி வாங்கும்போது மீட்டரை போனில் ஒரு போட்டோ, திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு போட்டோ. எங்கள் கூடத்தில் ரீடிங்கை ஒரு எண் மாற்றி எழுதியிருந்தார்கள், போட்டோவைக் காட்டியதும் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள்.

அரை நாள் வாடகை என்று பேசும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குக் காலை ஆறு மணிக்குச் சாவி போதும், சமையலுக்குப் போதாது. காய் நறுக்கவும் அடுப்பு மூட்டவும் மாஸ்டர் ஆட்கள் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்காவது உள்ளே போக வேண்டும். சமையல்கட்டை மட்டும் ராத்திரியே திறந்துவிடச் சொல்லிப் பேசினோம், ஒத்துக்கொண்டார்கள். காலை ஆறு முதல் மாலை நாலு வரை 22,000 வாடகை, கரண்டு, காஸ், துப்புரவு எல்லாம் சேர்த்து 29,400 ஆனது.

"ஹால் ஃப்ரீ, சாப்பாடு எங்களிடம்தான்" என்கிற பேக்கேஜும் உங்கள் கண்ணில் படும். ஃப்ரீ இல்லை, இலைக் கணக்கில் வாடகையை ஏற்றியிருப்பார்கள். இருநூறு பேருக்குள் என்றால் சில சமயம் கட்டுப்படியாகும், நானூறு பேருக்கு ஆகவே ஆகாது. வீட்டு வாசலில் பந்தல் போடுவதும் நல்ல வழிதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். கடலூர் மழை தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் கடைசி வரை ஒரு குறை இருந்தது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரும் வரிசையில் வந்து வாழ்த்துவதைப் பார்க்க ஆசைப்பட்டார். அது நியாயமான ஆசை. சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு ஓரத்தில் எட்டடிக்குத் துணி கட்டி, நெல்லிக்குப்பம் பூக்காரரிடம் சாமந்தி மாலை மட்டும் வாங்கித் தொங்கவிட்டு, இரண்டு நாற்காலி போட்டோம். ஏழாயிரத்துக்குள் முடிந்தது. சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அம்மா பந்தி கவனிக்கப் போகாமல் ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கஷ்டம் இருந்தது கோயில் கூட்டத்தில். முகூர்த்த நாளில் ரோட்டிலேயே வண்டி நின்றுவிடும், நாங்கள் விடியற்காலை நாலரைக்கே போய்ச் சேர்ந்தோம். படி ஏற முடியாத பாட்டியை என் மாமா மகன்கள் இருவர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மேலே நாலைந்து கல்யாணம் அக்கம்பக்கத்தில் நடக்க, நாதஸ்வரம் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. நிதானமாக ஹோமம் வளர்த்து ஒரு மணி நேரம் சடங்கு செய்ய வேண்டும் என்று உங்கள் பெரியவர்கள் நினைத்தால், கூட்டமான கோயிலில் அது நடக்காது. அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் சொன்னபடியே இரண்டு பஸ்ஸில் வந்தார்கள், கூட ஒரு வேன். நாலாவது பந்தியில் முப்பது இலை காலியாக இருந்தது.

உங்கள் தங்கைக்கு நாள் குறித்தாகிவிட்டதா என்று எழுதவில்லை. இன்னும் இல்லை என்றால் ஜோசியரிடம் ஒரு தேதிக்குப் பதில் மூன்று தேதி குறித்து வாங்குங்கள், அதில் ஒன்றாவது வார நாளாக இருக்கட்டும். தேய்பிறை முகூர்த்தம் உங்கள் வீட்டில் பரவாயில்லை என்றால் அதிலும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தத்துக்கு ஊரே மோதும், அன்றைக்கு எந்த மேனேஜரும் ஒரு ரூபாய் இறங்க மாட்டார். மூன்று தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய், எந்த நாளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரே கூடத்தில், ஒரே மாதத்தில், இரண்டு தேதிக்கு நடுவே எட்டாயிரம் வித்தியாசம் வந்தது.