பதினோரு மாதத்தில் பேட்டரி கால்வாசி இறங்கிவிட்டது; வாரண்டி கிடையாது என்று சொல்ல முடியுமா?

கேள்வி: பதினோரு மாதத்துக்கு முன் வங்கிக் கடனில் ஒரு மின்சார கார் வாங்கினேன். என் பெயரில்தான் இருக்கிறது, சொந்த உபயோகத்துக்குத்தான். பேட்டரி 45 யூனிட் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. வாங்கும்போது விற்பனைப் பிரதிநிதி, “ஒரு சார்ஜில் 400 கிலோமீட்டர் கண்டிப்பாகப் போகும்” என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதினார். முதல் சில மாதங்கள் 340 கிடைத்தது. இப்போது 250-ஐத் தாண்டுவதில்லை. அதே பாதை, அதே வேகம். 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் சொச்சம் செலவாவதாகத்தான் திரை அன்றும் காட்டியது, இன்றும் காட்டுகிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முதல் முறை “நீங்கள் ஓட்டும் விதம் அப்படி” என்றார்கள். இரண்டாம் முறை சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள், பலன் இல்லை. மூன்றாம் முறை, “பேட்டரி ஹெல்த் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வாரண்டி, உங்களுடையது அதற்கு மேலே இருக்கிறது” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு ஆகும் யூனிட் மாறவே இல்லை என்ற வரி. உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓட்டும் விதம் காரணமாக இருந்தால் அது எங்கே தெரியும்? வேகமாக ஓட்டினாலும், ஏசியை அதிகம் வைத்தாலும், டயரில் காற்று குறைந்தாலும், பாரம் ஏற்றினாலும் எல்லாம் அந்த எண்ணில்தான் வந்து விழும். 13 என்பது 16 ஆகும், 17 ஆகும். உங்கள் காரில் அது ஏறவில்லை. அப்படியானால் வண்டி செலவழிக்கும் அளவு மாறவில்லை, செலவழிக்க உள்ளே இருக்கும் சேமிப்புதான் குறைந்திருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 13.2 யூனிட் என்று வைத்துக்கொண்டால், ஆரம்பத்தில் கிடைத்த 340 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 45 யூனிட் ஆகிறது. கையேடு சொல்லும் அளவும் அதுதான். இன்றைய 250 கிலோமீட்டருக்கு 33 யூனிட். 45-இல் 33 என்பது 73 சதவீதம். “70-க்கு மேலே இருக்கிறது” என்று சர்வீஸ் சென்டர் சொன்னது பொய்யில்லை. ஆனால் 70-க்கு மேலே எவ்வளவு என்று அவர்கள் சொல்லவில்லை; உங்கள் கணக்கின்படி பதினோரு மாதத்தில் கால்வாசிக்கும் மேல் போய்விட்டது. அந்தப் பதிலை வாய்ப்பேச்சாக விட்டுவிட வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்.

அதனால்தான், “தூரம் கிடைக்கவில்லை” என்பதை முதன்மைப் புகாராக வைக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். விளம்பரத்தில் வரும் தூரம் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி, வகுத்துவைத்த ஓட்டச் சுழற்சியின்படி அளந்தது. சாலையில் அது அப்படியே கிடைக்காது என்பதை நிறுவனம் அடிக்குறிப்பில் எழுதி வைத்திருக்கும். தூரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வெயில், பாலம், நெரிசல் என்று ஆயிரம் காரணம் அடுக்குவார். பேட்டரி எத்தனை யூனிட் தாங்கும் என்ற கொள்ளளவுக்கு அந்த இடம் இல்லை. அது பெட்டிக்குள் இருக்கும் பொருள். அளந்தால் ஒரு எண் வரும்.

தூரத்தைப் பற்றிய விளம்பரத்துக்காக நிறுவனங்கள் தண்டிக்கப்பட்டதே இல்லை என்பதல்ல. தென் கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் 2023 ஜனவரியில் டெஸ்லா நிறுவனத்துக்கு 285 கோடி வான் அபராதம் விதித்தது. குளிர்காலத்தில் தூரம் வெகுவாகக் குறைவதைச் சொல்லாமல் விளம்பரம் செய்தது அதற்கு ஒரு காரணம். நம் நாட்டிலும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் அந்தத் தண்டத்தால் உங்கள் பேட்டரி நிரம்பாது.

அந்த 70 சதவீத வாதத்துக்கு வருவோம். பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மின்சார கார் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பதுதான் பரவலான வழக்கம். அந்தக் காலம் முடியும்வரை கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்பது அதன் பொருள். எட்டாம் ஆண்டு இறுதியில் நிற்கவேண்டிய கோடு அது. முதல் ஆண்டிலேயே 73-க்கு வந்து நின்றால் அதை இயல்பான தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது. ஐ.நா. அமைப்பின் வழியாக 2022-இல் உருவான உலகத் தொழில்நுட்ப விதி எண் 22, கார் பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. அந்த விதி உங்கள் நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தும் என்று வாதிட வேண்டாம். நாடுகள் கூடி நியாயம் என்று ஏற்றுக்கொண்ட அளவுகோல் எது என்று காட்ட அதை மனுவோடு இணையுங்கள். ஐந்தாம் ஆண்டில்கூட இருக்கவேண்டிய 80 உங்களிடம் பதினோரு மாதத்திலேயே இல்லை.

இதைவிட முக்கியமான சட்ட வாதம் ஒன்று உண்டு. வாரண்டி என்பது நிறுவனம் தானாக முன்வந்து கொடுக்கும் கூடுதல் உறுதி. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமையை அந்தத் தாள் சுருக்கிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(10) ‘குறைபாடு’ என்பதை மிக விரிவாக வரையறுக்கிறது. சட்டப்படியோ, வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தப்படியோ இருக்கவேண்டிய தரத்திலும் அளவிலும் திறனிலும் எந்தக் குறை இருந்தாலும், வணிகர் எந்த விதத்திலாவது சொன்னதற்கு மாறாக இருந்தாலும் அது குறைபாடுதான். “எந்த விதத்திலாவது” என்பதில் வாட்ஸ்அப் செய்தியும் வரும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16-உம் விற்பனைக்கு ஏற்ற தரம் என்ற உட்கிடையான நிபந்தனையை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். போதுமான சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. சோதித்துத்தான் கொடுத்தோம் என்று அவர்கள் சொன்னால், அதை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில்தான்.

இனி சான்று. வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். காரில் உற்பத்திக் குறைபாடு என்று சொல்லும் மனுக்கள் பல, நிபுணர் அறிக்கை இல்லாத காரணத்தால் தள்ளுபடியாகின்றன. முதலில் நீங்களே ஒரு அளவு எடுங்கள். கையேடு சொல்லும் முறைப்படி 100 சதவீதம் சார்ஜ் ஏற்றுங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். அந்த வகையில் மின்னழுத்தம் பெரிதாக மாறாமல் சமமாகவே இருப்பதால், அவ்வப்போது முழுமையாக ஏற்றாவிட்டால் வண்டி தன் இருப்பைத் தவறாகக் கணிக்கும். அப்படி ஒரு கணிப்புப் பிழைதான் உங்கள் பிரச்சினை என்றால் அது இப்போதே தெரிந்துவிடுவது உங்களுக்கு நல்லது. பிறகு ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, 10 சதவீதம் வரை ஓட்டுங்கள். ஓடிய தூரம், 100 கிலோமீட்டருக்கான யூனிட் இரண்டையும் படம் எடுங்கள். மறுபடி சார்ஜ் செய்யும்போது சார்ஜரில் ஏறிய யூனிட்டையும் குறியுங்கள். அதில் ஓரளவு வெப்பமாகப் போய்விடும், ஆகவே காருக்குள் சேர்ந்ததைவிட அது சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். வெவ்வேறு நாளில் மூன்று முறையாவது செய்யுங்கள்.

அடுத்து ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை சர்வீஸ் சென்டர் பதியும் தாள். முந்தைய மூன்று முறையும் அதில் என்ன எழுதினார்கள் என்று எடுத்துப் பாருங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தால், நீங்கள் புகார் செய்ததாகவே ஆவணம் இல்லை என்று பொருள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மனிதர் மூன்று நாள் வேலையை விட்டு அலைந்திருப்பார், தாளில் அதற்கு ஒரு வரி இருக்காது. நான்காம் முறை போங்கள். “முழு சார்ஜில் 340-லிருந்து 250 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது, பேட்டரி கொள்ளளவைச் சோதித்து எண்ணை எழுத்தில் தரவும்” என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே நின்றபடியே நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் ஐந்து விவரம் கேளுங்கள்: வாங்கிய நாளன்று பயன்படுத்தத்தக்க கொள்ளளவு எவ்வளவு, இன்று எவ்வளவு, செல்களுக்கிடையே மின்னழுத்த வித்தியாசம் எவ்வளவு, அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த சாஃப்ட்வேர் பதிப்பு எண் என்ன, அந்த அப்டேட் எதை மாற்றியது. தொடராக இணைந்த செல்களில் ஒன்று நலிந்தாலும் முழு பேட்டரியும் அதன் அளவுக்கே அடங்கும் என்பதால் மூன்றாவது கேள்வி வேண்டும். அப்டேட் பற்றிய கேள்வியும் வீண் சந்தேகம் இல்லை. ஒரு அப்டேட் பேட்டரியின் உச்ச மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தியது என்ற புகாரில், 1,743 கார்களின் உரிமையாளர்களுக்காக 15 லட்சம் டாலர் தர டெஸ்லா 2021-இல் அமெரிக்காவில் சமரசத்துக்கு வந்தது.

பேட்டரியை வெளியார் யாரும் திறக்க விட வேண்டாம். வாரண்டியை மறுக்க அதைவிட நல்ல காரணம் அவர்களுக்குக் கிடைக்காது. வெளியிலிருந்து மொபைல் செயலி வழியாக எடுத்த ஹெல்த் அளவு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பி மனு போட வேண்டாம். வாட்ஸ்அப் செய்திக்கும் படங்களுக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 பிரிவு 63-இன்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழை இணைத்துவிடுங்கள்.

நிறுவனம் பதில் தராவிட்டால், அல்லது “இயல்பான நிலை” என்றே பதில் தந்தால், விற்பனையாளர், உற்பத்தியாளர் இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் அவர்கள் மௌனமாக இருந்தால் அதுவும் உங்களுக்குச் சான்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதிந்துவையுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கேதான் மனு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனத்தின் தலைமையகத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. 10 முதல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

மனுவோடு கூடவே இரண்டு இடைமனு (வழக்கு நடக்கும்போதே உத்தரவு கேட்கும் துணை மனு) போடச் சொல்லுங்கள். ஒன்று, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(2)(c)-இன்படி பேட்டரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் சோதனைக்கு அனுப்பக் கோருவது. அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட நேரிடும், அறிக்கை 45 நாளில் வரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மற்றொன்று, உங்கள் காரைப் பற்றி நிறுவனத்திடம் இருக்கும் பதிவுகளை ஆணையத்தில் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோருவது. ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்குப் பிரிவு 38(9)-இல் இருக்கிறது. இணைய இணைப்புள்ள காரென்றால், அது ஏறிய ஒவ்வொரு சார்ஜும் அவர்கள் பதிவில் இருக்க வாய்ப்புண்டு.

அதே சட்டத்தில், குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயத்தின் கீழ் மனு தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பெயரைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த அத்தியாயத்துக்குத் தேவையான ‘தீங்கு’ என்பதில் பொருளுக்கே நேர்ந்த கேடு சேராது என்று பிரிவு 2(22) விலக்கிவைத்திருக்கிறது. உங்கள் பாதை குறைபாடு, சேவைக் குறைவு, நியாயமற்ற வணிக நடைமுறை ஆகிய மூன்றும்தான்.

நீங்கள் கேட்ட நேர்க்கேள்விக்கு வருகிறேன். காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும்படி உத்தரவிட ஆணையத்துக்குப் பிரிவு 39-இல் அதிகாரம் உண்டு. ஆனால் உங்கள் வழக்கில் அது முதலிலேயே கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பாகத்தை மாற்றினால் சரியாகும் குறைக்கு, வாரண்டியின்படி அந்தப் பாகத்தைத்தான் மாற்றித் தரவேண்டும், காரையே மாற்றித் தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் மாருதி உத்யோக் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. ஆகவே கோரிக்கையை இப்படி வரிசைப்படுத்துங்கள். புதிய பேட்டரி, அதற்கு மாற்றிய நாளிலிருந்து முழு வாரண்டி. அது முடியாது என்றாலோ, மாற்றிய பின்னும் குறை தொடர்ந்தாலோ, வட்டியோடு முழு விலை. இரண்டோடும் சேர்த்து அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு. பழுது பார்த்த பழைய பேட்டரியைத் தர முன்வந்தால், அதன் கொள்ளளவு எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்காமல் சம்மதிக்க வேண்டாம். விற்பனையாளர் சொன்ன 400-க்கும் உண்மையில் கிடைத்த 340-க்கும் உள்ள வித்தியாசம் தனிக் குறை. அதை விற்பனையாளர்மீது துணைப் புகாராக வைத்தால் போதும்.

கடன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வங்கிக்கும் பேட்டரிக்கும் தொடர்பில்லை, உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும். நல்லெண்ண அடிப்படையில் இலவச சர்வீஸ் தருகிறோம் என்று சொல்லி, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

காலவரையறை இரண்டு ஆண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து என்கிறது பிரிவு 69. குறை தெரிந்த நாளா, வாரண்டி மறுத்த நாளா என்று பின்னால் வாதிட இடமுண்டு என்றாலும், பாதுகாப்புக்காக, காரைக் கையில் வாங்கிய நாளிலிருந்தே எண்ணுங்கள். மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. உங்களிடம் மீதம் இருப்பது பதின்மூன்று மாதம். ஆய்வுக்கும் நோட்டீஸுக்கும் மூன்று மாதம் ஒதுக்குங்கள், அதற்குள் எழுத்துப்பூர்வமான தீர்வு வராவிட்டால் நான்காம் மாதத் தொடக்கத்தில் மனு ஆணையத்தில் இருக்கட்டும். அந்த ஐந்து விவரங்களையும் கேட்கும் மின்னஞ்சல் மட்டும் இந்த வாரமே போகவேண்டும்.