சூ ஷி என்ற அரசு அதிகாரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சீனத்தின் சோங் அரசமரபுக் காலத்தில் வாழ்ந்த சூ ஷியை (1037–1101) சூ தோங்போ என்ற புனைபெயரால் கவிஞராக அறிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அவருடைய அலுவலக வாழ்க்கையைப் பற்றியவை. ஹாங்சோ, ஹுவாங்சோ, ஹூசோ, ஹுய்சோ என்று ஒரே சாயலில் ஊர்ப்பெயர்கள் வரப்போகின்றன. 'சோ' என்பது மாவட்டத்தைக் குறிக்கும் சொல் என்பதை நினைவில் கொண்டால் குழப்பம் சற்றுக் குறையும்.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): அக்கால அரசுப் பணித் தேர்வில் சிபாரிசு செல்லுபடியானதா?

செல்லுபடியாகாமல் இருக்கத்தான் பெரும்பாடு பட்டார்கள். விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டியதோடு நிற்காமல், கையெழுத்தைக் கொண்டும் ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எழுத்தர்களை வைத்துத் தாள் முழுவதையும் மறுபடி எழுதச் செய்து, அந்தப் படியைத்தான் தேர்வாளரிடம் கொடுத்தார்கள். சிசுவானின் மெய்ஷானிலிருந்து தந்தையோடும் தம்பி சூ ஜெயோடும் தலைநகர் கைஃபெங்குக்கு வந்து 1057-இல் சூ ஷி எழுதிய கட்டுரையைப் படித்த தலைமைத் தேர்வாளர் ஓயாங் சியு, இவ்வளவு நன்றாக எழுதியவன் தன் மாணவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, சொந்த மாணவனுக்கே முதலிடம் கொடுத்தார் என்ற பழி வருமென அஞ்சி, அதை இரண்டாம் இடத்தில் வைத்தாராம். சலுகையைத் தடுக்க வந்த ஏற்பாடே தகுதியானவரின் முதலிடத்தைப் பறித்த கதை இது. அந்தக் கட்டுரையில் பழைய மன்னர் யாவ் பற்றி ஒரு மேற்கோள் இருந்தது. எந்த நூலில் இருக்கிறது என்று பிறகு கேட்டபோது, "அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்தேன்" என்று அந்த இருபது வயது இளைஞர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள்.

கேள்வி (வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்): வாங் அன்ஷியோடு அவருக்கு என்னதான் தகராறு?

உங்களுக்கு இது எளிதில் விளங்கும். பேரரசர் ஷென்சோங்கின் ஆதரவோடு அமைச்சர் வாங் அன்ஷி கொண்டுவந்த சீர்திருத்தங்களுள் ஒன்று, விதைப்புக் காலத்தில் அரசே உழவருக்குக் கடன் கொடுத்து, அறுவடையில் இருபது விழுக்காடு வட்டியோடு வசூலிக்கும் பசுந்தளிர்க் கடன் திட்டம். தனியார் வட்டிக்காரர்களிடமிருந்து உழவரை மீட்பதே அதன் நோக்கம். அதில் எனக்கும் குறை தெரியவில்லை. ஆனால் இத்தனை கடன் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வந்ததும், கீழே உள்ளவர்கள் வேண்டாதவர் தலையிலும் கடனைக் கட்டினார்கள். கடனுக்காக உழவர்கள் நகரத்துக்கு அலைந்த அலைச்சல் வேறு. ஆண்டில் பாதிக்கு மேல் நகரத்திலேயே கழித்ததில், கிராமத்துப் பிள்ளைகளுக்கு நகரத்துப் பேச்சு நன்றாக வந்துவிட்டதுதான் மிச்சம் என்று சூ ஷி ஒரு கவிதையில் எழுதினார். தலைநகரில் இருக்கப் பிடிக்காமல் வெளியூர்ப் பணி கேட்டு, 1071-இல் துணை ஆளுநராக ஹாங்சோ சென்றார். அந்தக் கவிதை பின்னர் வழக்கில் சான்றாக வந்து நின்றது.

கேள்வி: கவிதைக்காகச் சிறை என்பது உண்மையா, மிகைப்படுத்தலா?

உண்மை. 1079-இல் ஹூசோவின் ஆளுநராகப் பதவியேற்றதும், வழக்கப்படி பேரரசருக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினார். புதிதாக மேலேறி வந்தவர்களோடு என்னால் ஈடுகொடுக்க முடியாது என்பதையும், வயதான நான் வம்பு செய்யமாட்டேன் என்பதையும் அறிந்துதான் சிறு மக்களை மேய்க்கும் வேலையைத் தந்திருக்கிறீர்கள் என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்தப் 'புதிதாக மேலேறி வந்தவர்கள்' சும்மா இருக்கவில்லை. அதிகாரிகளைக் கண்காணிக்கும் மன்றத்தினர் அவருடைய கவிதைத் தொகுதியை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகக் குற்றம் தேடினார்கள்; அது அச்சில் வெளிவந்திருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அந்த மன்றத்து மரங்களில் காக்கைகள் அடைந்ததால் அதற்குக் 'காக்கை மன்றம்' என்று பெயர். வழக்கும் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது.

ஒரு கவிதையை மட்டும் காட்டுகிறேன். எழுபது வயதுக் கிழவர் இடுப்பில் அரிவாளோடு மூங்கில் குருத்து பறிக்கப் போகிறார். ஷாவ் என்ற இசையைக் கேட்டு மூன்று மாதம் இறைச்சியின் சுவையையே மறந்திருந்தார் கன்பூசியஸ் என்பது எல்லாரும் அறிந்த கதை. இந்தக் கிழவரும் சுவையை மறந்தது இசை கேட்டா, இல்லை, மூன்று மாதமாகச் சோற்றில் உப்பில்லை என்று கவிதை முடிகிறது. உப்பு வணிகத்தை அரசு தன் பிடியில் இறுக்கி வைத்திருந்த காலத்தில், இதைப் படித்தவருக்கு உரை தேவைப்பட்டிருக்காது. ஆகவே வழக்கில் சொன்ன எல்லாமே கட்டுக்கதை என்று நான் சொல்லமாட்டேன்; கேலி இருந்தது, அது குறி பார்த்தே எறியப்பட்டது. ஆனால் எங்கோ ஒரு மரத்தின் வேர் நிலத்தடி டிராகனுக்கு மட்டுமே தெரியும் என்று பாடியதற்கு, வானத்து டிராகனான பேரரசரை அவமதித்தார் என்று பொருள் கட்டியது அத்துமீறல். அவன் மரத்தைப் பாடினான், எனக்கும் அதற்கும் என்ன என்று ஷென்சோங்கே கேட்டதாகக் குறிப்புண்டு. அப்போது சூ ஷிக்காகப் பேசியவர் எதிரணியான வாங் அன்ஷி அணியைச் சேர்ந்த ஜாங் துன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தபின் உயிர் தப்பினார். அவரோடு தொடர்பு வைத்திருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் தண்டம் கட்டவோ பதவியிறங்கவோ நேர்ந்தது.

கேள்வி: வெளியேற்றப்பட்ட அதிகாரிக்குச் சம்பளம் உண்டா?

பதவிப் பெயர் உண்டு, வேலை இல்லை, முழுச் சம்பளமும் இல்லை. 1080-இல் ஹுவாங்சோவுக்கு அனுப்பப்பட்டபோது ஊர்க்காவல் படையின் துணைத் தலைவர் என்று பெயர் கொடுத்து, அரசு ஆவணம் எதிலும் கையெழுத்திடக் கூடாது என்று நிபந்தனையும் சேர்த்தார்கள். மாதம் பிறந்ததும் 4500 காசுகளை எடுத்து, 150 காசு கொண்ட முப்பது கட்டுகளாகப் பிரித்து வீட்டு உத்தரத்தில் தொங்கவிடுவாராம். காலையில் படம் மாட்டும் கவைக்கோலால் ஒரு கட்டை இறக்கிவிட்டு, கை மறுபடி அந்தப் பக்கம் போகாதபடி கோலை ஒளித்துவைப்பாராம். மிச்சக் காசு ஒரு மூங்கில் குழாயில் விருந்தினர் செலவுக்குச் சேரும். இதை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். நகரத்துக்குக் கிழக்கே கைவிடப்பட்ட சரிவு நிலம் ஒன்றைப் பெற்றுப் பயிரிட்டார். தோங்போ என்றால் கிழக்குச் சரிவு.

கேள்வி: தோங்போ பன்றியிறைச்சியைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?

பெயர் பின்னால் வந்தது. ஹுவாங்சோவில் பன்றியிறைச்சி மண்விலை, பணக்காரர் உண்ணார், ஏழைக்குச் சமைக்கத் தெரியாது, குறைந்த நீரில் மெல்லிய தீயில் வேகவிடுங்கள் என்று அவர் எழுதியது மட்டும் உறுதி.

கேள்வி: எதிரணி வீழ்ந்ததும் அவருக்கு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டுமே?

பிறந்தது, நீடிக்கவில்லை. 1085-இல் ஷென்சோங் இறந்தார். சிறுவனான புதிய பேரரசரின் சார்பில் அரச பாட்டி காவ் பொறுப்பேற்றார். சூ ஷி விரைவில் அரசாணை எழுதும் ஹான்லின் அறிஞர் பதவிக்கு உயர்ந்தார். புதிய தலைமை அமைச்சர் சிமா குவாங், வாங் அன்ஷியின் திட்டங்கள் அனைத்தையும் துடைத்தெறியப் புறப்பட்டார். இருந்த இடத்தில் பேசாமல் தலையாட்டியிருந்தால் சூ ஷிக்கு ஒரு குறையும் வந்திராது. அவரோ, கட்டாய ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொண்டு கூலியாள் வைக்கும் திட்டம் மக்களுக்கு நன்மை செய்கிறது, அதை எடுக்காதீர்கள் என்று வாதாடினார். மாவட்டங்களில் பதினைந்து ஆண்டுகள் கண்ணால் பார்த்தது அவரை அப்படிப் பேச வைத்தது என்பது என் கணிப்பு. விளைவாக முன்பு ஓர் அணிக்குப் பகைவர், இப்போது இரண்டு அணிக்கும் பகைவர். 1089-இல் மறுபடியும் தாமே கேட்டு ஹாங்சோவுக்கு ஆளுநராகப் போனார்.

கேள்வி: நிர்வாகியாக எப்படி? கவிஞர்கள் கோப்பு பார்ப்பார்களா?

1077-இல் மஞ்சள் ஆறு கரையுடைத்து, அவர் ஆளுநராக இருந்த ஷுசோ நகரைச் சூழ்ந்தபோது, ஊரைவிட்டுக் கிளம்பிய பணக்காரர்களைத் தடுத்து நிறுத்தி, தம் அதிகாரத்துக்கு உட்படாத பேரரசப் படை முகாமுக்குச் சேற்றில் நடந்துபோய் வீரர்களின் உதவியைக் கேட்டு, மதில்மேல் குடிசை போட்டுத் தங்கி ஊரைக் காத்தவர் அவர்.

ஹாங்சோவின் மேற்கு ஏரி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 1090-இல் அவர் அனுப்பிய மனுவில், தாம் முதலில் வந்தபோது ஏரியில் பத்தில் இரண்டு மூன்று பங்கே களை மூடியிருந்தது என்றும், பதினாறு பதினேழு ஆண்டுகளில் பாதி தூர்ந்துவிட்டது என்றும், இன்னும் இருபது ஆண்டு போனால் ஏரியே இராது என்றும் கணக்குச் சொல்கிறார். முகத்துக்குக் கண்ணும் புருவமும் போல ஹாங்சோவுக்கு இந்த ஏரி என்றாலும், மனுவின் பலம் அழகில் இல்லை; குடிநீர், பாசனம், கால்வாய்ப் போக்குவரத்து, மதுவரி வருவாய் என்று அவர் அடுக்கிய காரணங்களில் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆள்வேலை நாட்கள் தேவைப்பட்டன. துறவியாகப் பதிவு பெறும் அரசுச் சான்றிதழ்களை விற்றுப் பணம் திரட்டினார். வாரிய களையையும் சேற்றையும் கொட்ட இடம் தேடாமல் ஏரியின் குறுக்கே கரையாகப் போட்டதால், சுற்றிப்போக வேண்டிய வழியும் குறுகியது. இன்றும் அது சூ கரை என்ற பெயரில் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. களை திரும்பி வராமலிருக்க, நீரில் படரும் ஒரு கொட்டைப்பயிரை ஓரத்தில் வளர்க்கக் குத்தகை விட்டார். அதைப் பயிரிடுவோர் ஒவ்வொரு வசந்தத்திலும் தங்கள் லாபத்துக்காகவே ஏரியைச் சுத்தம் செய்வார்கள்.

கேள்வி: சோழர் தூதுவர்களை அவர் சந்தித்திருப்பாரா?

வாய்ப்பில்லை. சோங் அவைக்குச் சோழ நாட்டிலிருந்து 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் தூது சென்றது. மூன்றாவது தூது சென்ற ஆண்டில் அவர் ஷுசோவில் வெள்ளத்தோடு போராடிக்கொண்டிருந்தார்.

கேள்வி: நம் ஊரில் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவார்களே, அதுபோல ஏதாவது?

தண்ணீருக்குக் குறைவில்லாத காடு. 1093-இல் அரச பாட்டி மறைந்ததும் பழைய சீர்திருத்த அணி திரும்பிவந்தது. 1094-இல் அவரைத் தெற்கே ஹுய்சோவுக்கும், 1097-இல் கடல் தாண்டி ஹைனான் தீவின் தான்சோவுக்கும் அனுப்பியது. ஹுய்சோ சந்தையில் நாளுக்கு ஓர் ஆடுதான் அறுப்பார்கள். பதவியில் உள்ளவர்களோடு போட்டி போடாமல் முதுகெலும்பை மட்டும் வாங்கி, வேகவைத்து, மதுவும் உப்பும் தடவிச் சுட்டு, நண்டில் சதை எடுப்பதுபோல் நோண்டித் தின்பதாகத் தம்பிக்கு எழுதினார். இதில் நாய்களுக்குத்தான் வருத்தம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஹைனான் அப்படிச் சிரிக்கவைக்கும் இடமாக இல்லை. போனதும் முதலில் சவப்பெட்டி, அடுத்து கல்லறை செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கடைசி மகன் சூ குவோவோடு கப்பலேறினார். அப்போது வயது அறுபது. அங்கிருந்து எழுதிய கடிதத்தில் இறைச்சியில்லை, மருந்தில்லை, வீடில்லை, நண்பரில்லை என்று பட்டியல் நீள்கிறது.

கேள்வி: ஜாங் துன் என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னீர்களே?

1094-க்குப் பின் தலைமை அமைச்சராக இருந்து சூ ஷியைத் தெற்கே விரட்டியவர், 1079-இல் அவருக்காக வாதாடிய அதே ஜாங் துன்தான். 1100-இல் பேரரசர் மாறினார். சூ ஷிக்கு விடுதலை கிடைத்தது. ஜாங் துன் தென்கோடியில் உள்ள லெய்சோவுக்கு அனுப்பப்பட்டார். சூ ஷி அமைச்சராவார் என்ற பேச்சு எங்கும் அடிபட்ட நேரத்தில், பழிவாங்கிவிடுவாரோ என்று நடுங்கிய ஜாங் துன்னின் மகன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த மகனைத் தேர்வில் தேர்ச்சி பெறச் செய்த தேர்வாளரே சூ ஷிதான். நோயில் கிடந்த சூ ஷி, உன் தந்தையோடு நாற்பது ஆண்டு நட்பு, இடையில் மேடுபள்ளம் வந்தாலும் அது கூடவுமில்லை குறையவுமில்லை, நடந்ததைப் பேசி என்ன பயன் என்று பதில் எழுதினார். லெய்சோ அவ்வளவு மோசமான ஊரில்லை, மருந்துகளை நிறைய எடுத்துப்போகச் சொல், உறவினருக்கும் அண்டை அயலாருக்கும் உதவும் என்று அனுபவப்பட்டவராக அறிவுரையும் சொல்லி, ஒரு மருந்துக் குறிப்பையும் இணைத்து அனுப்பினார். சில வாரங்களில் சாங்சோவில் இறந்தார்.