பாக் ஒராலும் புறநானூறும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்தவள். வீடு சேன்தாந்த்ரேயில். மகன் லிசேயில் (மேல்நிலைப் பள்ளி) ப்ரெமியேர், அதாவது கடைசிக்கு முந்தைய வகுப்பு படிக்கிறான். ஜூன் கடைசியில் பிரெஞ்சு ஒரால், அதாவது பள்ளி இறுதித் தேர்வான பாக்கின் வாய்மொழித் தேர்வு. பட்டியலில் பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போவின் 'லெ தொர்மேர் த்யு வால்' (பள்ளத்தாக்கில் தூங்குபவன்) இருக்கிறது. ஆசிரியர் தந்த குறிப்பை அப்படியே மனப்பாடம் செய்கிறான். நடுவில் ஒரு சொல் மறந்தால் நின்றுவிடுகிறான். நான் தமிழ் இலக்கியம் படித்தவள். பிரெஞ்சு பேசுவேன், அவர்களுடைய கவிதை தெரியாது. என்னால் உதவ முடியுமா, இல்லை ட்யூஷனுக்குத்தான் அனுப்ப வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

உங்களுக்குக் கவிதை தெரியாது என்பது நல்ல வசதி. தேர்வாளருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பிள்ளைகள் பாதி விளக்கத்தை விழுங்கிவிடுகிறார்கள். உங்களிடம் அது நடக்காது.

30 நிமிடம் தயாரிப்பு, 20 நிமிடம் பேச்சு. முதல் 12 நிமிடத்தில் வாசிப்புக்கு 2 மதிப்பெண், விளக்கத்துக்கு 8, இலக்கணக் கேள்விக்கு 2. மிச்ச நேரம் அவன் தேர்ந்தெடுத்த நூலைப் பற்றிய பேச்சு, அதற்கு 8.

வாசிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் அடி: 'ஸேதன் த்ரூ து வெர்த்யூர் ஊ ஷாந்த் யூன ரிவியேர்'. 12 அசை. 'வெர்த்யூர்', 'ஷாந்த்' இரண்டின் எழுத்தில் கடைசியாக உள்ள எகரமும் அடுத்து உயிர் வருவதால் மறைகிறது. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்' என்ற நன்னூல் விதி படித்த உங்களுக்கு இதில் புதுமை இல்லை. 'யூன' என்பதற்குப் பின் மெய் வருகிறது, அதனால் அங்கே அது லேசாக ஒலிக்க வேண்டும். வீட்டுப் பேச்சில் அதை விழுங்குவோம். விழுங்கினால் அடி 11 அசையாகிவிடும். அடுத்த அறையில் இருந்துகொண்டே விரல்விட்டு எண்ணலாம்.

இனி விளக்கம். அதை வரிசையாகச் சொல்ல வேண்டும், அடி அடியாக. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் போல எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டக் கூடாது. (எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் இந்தத் தேர்வில் அவர் தேறமாட்டார்.) இந்தக் கவிதைக்கு அந்த ஒழுங்கு ரொம்பவே தேவை. பசுமையான ஒரு பள்ளம், பாடும் ஆறு, வெயில். ஓர் இளம் சிப்பாய் புல்லில் தூங்குகிறான். கடைசி அடியில்தான் வலது பக்கத்தில் இரண்டு சிவப்புத் துளைகள். தேதி 1870 அக்டோபர், ஜெர்மானிய அரசான பிரஷ்யாவோடு பிரான்ஸுக்குப் போர் நடந்த காலம். எழுதியவனுக்கு அந்த மாதம்தான் 16 வயது முடிந்தது, கிட்டத்தட்ட உங்கள் மகன் வயது.

'அவன் செத்துக் கிடக்கிறான்' என்று மகன் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிட்டால், பிறகு சொல்ல அவனிடம் எதுவும் இருக்காது. ஒவ்வொரு அடியிலும் முதல்முறை படிப்பவருக்கு என்ன தெரிகிறது, எது உறுத்துகிறது என்று சொல்லட்டும். திறந்த வாய். வெளுத்த முகம். நோயுற்ற குழந்தையின் சிரிப்பு. அவனுக்குக் குளிர்கிறது என்கிறார் கவிஞர், வெயிலில்! அப்புறம் பூ வாசனை வந்தும் மூக்கு அசையவில்லை. அங்கே வருகிற 'ந… பா' மறுப்பை இலக்கணக் கேள்வியாகவும் கேட்கலாம், ஆக அந்த ஓர் அடி இரண்டு இடத்தில் உதவும். முதல் அடியில் பசுமைக்குச் சொன்ன அதே 'த்ரூ' (பள்ளம், துளை) கடைசி அடியில் உடம்பில் வருகிறது. இதை அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வேலை இரண்டு கேள்வி கேட்பது: 'எந்தச் சொல்லில்?', 'அதனால் என்ன?' 'தொர்' (தூங்குகிறான்) என்ற சொல் அடுத்த அடிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, இதன் பெயர் ரெஜே என்பான். சரி, அதனால் என்ன? தூக்கம் என்ற சொல் அப்படித் தனியாக வந்து விழுவதால் காதில் என்ன கேட்கிறது என்று அவன் சொல்லும் வரை விடாதீர்கள். அணிப் பெயரை மட்டும் அடுக்கினாலும், வெறும் பொழிப்புரை சொன்னாலும் மதிப்பெண் வராது. மனப்பாடத்துக்கு மருந்து, நடுவிலிருந்து தொடங்கச் சொல்வது. இன்று மூன்றாம் பத்தி, நாளை இரண்டாம் பத்தி. எங்கிருந்தும் தொடங்கத் தெரிந்தவன் ஒரு சொல் மறந்தாலும் நிற்கமாட்டான்.

ஒரு மாலை அவனுக்குப் புறநானூறு 278 சொல்லுங்கள். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட கிழவி வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள்; வெட்டுண்டு கிடப்பவனைக் கண்டு 'ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே'. அங்கேயும் கடைசி அடியில்தான் அடி விழுகிறது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் அந்தச் சாவில் பெருமையைக் கேட்கிறார். ரேம்போவின் சிப்பாயைப் புரட்டிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. இயற்கையிடம்தான் அவனைத் தாலாட்டச் சொல்கிறார். இந்த வித்தியாசத்தை இரண்டாம் பகுதியில் ரேம்போவைப் பற்றிப் பேச்சு வந்தால் சொல்லலாம். விளக்கத்துக்குள் திணிக்க வேண்டாம், நேரம் போய்விடும்.

ட்யூஷனா? இலக்கணத்தில் தடுமாறினால் சில வகுப்புக்கு அனுப்புங்கள். மறுப்பு, வினா, துணை வாக்கியம் இந்த மூன்றும் போதும். கவிதைக்குத் தேவையில்லை. சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியில் 12 நிமிடம் வைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். அவன் திணறினாலும் எடுத்துக்கொடுக்காதீர்கள், தேர்வு அறையில் யாரும் கொடுக்கப்போவதில்லை.