தண்ணீருக்குள் மாத்திரை

கேள்வி: வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர், “இது நானோ டெக்னாலஜி மேடம், தண்ணீரில் இருக்கிற மாத்திரை மருந்தைக்கூட எடுத்துவிடும்” என்கிறார். தண்ணீருக்குள் மாத்திரை எப்படி வந்தது? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: நாம் போட்டதுதான். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தேய்க்கிறோம் இல்லையா, அதில் உடம்புக்குள் போவது கொஞ்சம்தான், மீதி குளிக்கும்போது சாக்கடைக்குப் போகிறது. விழுங்கும் மாத்திரையிலும் ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறும். சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களை இதற்காகக் கட்டவில்லை, அதனால் பாதியும் குறையுமாக நழுவி ஆற்றில் சேருகிறது. நம் குழாயில் வருவது அநேகமாக மிக மிகக் குறைந்த அளவு, பயப்பட வேண்டாம். ஆனால் ஹைதராபாத் பக்கத்துப் படான்சேருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்தம் செய்து வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007-ல் எழுதினார்கள். கணக்குப் போட்டால் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு 500 மி.கி. மாத்திரை! சுத்தம் செய்த பிறகு இது. கொதிக்க வைத்தாலும் ஆவியாவது தண்ணீர்தான், மருந்து பாத்திரத்திலேயே இருக்கும்.

கேள்வி: சரி, நானோ அதைப் பிடிக்குமா, இல்லை வெறும் விளம்பரமா?

பதில்: பிடிக்கும். ஆனால் எந்த நானோ, எதைப் பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் வெளிப்பரப்பு மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) துண்டுகளாக நறுக்க முடிந்தால் பரப்பு 6000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். அழுக்கு வந்து ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம். சில பொருள்கள் ஒட்டவைப்பதோடு நிற்காமல் உடைக்கவும் செய்யும். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள் மேல் புற ஊதா ஒளி பட்டால் மருந்து மூலக்கூறு துண்டு துண்டாகிறது (துண்டுகள் எல்லாமே சாது என்று சொல்ல முடியாது, அது வேறு தலைவலி).

நம்மூர் உதாரணமே இருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழு தங்க, வெள்ளி நானோ துகள்களைப் பூச்சிக்கொல்லியோடு சேர்த்துப் பார்த்தது. தங்க நானோ கரைசல் நல்ல சிவப்பாக இருக்கும், எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லி சேர்ந்ததும் துகள்கள் திரண்டு நீலமாக மாறும், கண்ணாலேயே பார்க்கலாம். அந்த ஆராய்ச்சியிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் வடிகட்டி 2007-ல் கடைக்கே வந்தது.

ஆனால் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. “99 சதவீதம் நீக்கியது” என்று வரும் ஆய்வுகளில் பல, காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு மருந்தைக் கலந்து செய்தவை. ஆற்று நீரில் இலை தழை மக்கியது, உப்பு, சோப்பு எல்லாம் இருக்கும், அவையும் அதே இடத்துக்கு முண்டியடிக்கும், பஸ்ஸில் சீட் போடுகிற மாதிரி. அதனால் விற்பனையாளரிடம் எந்த மருந்துக்கு, எந்தத் தண்ணீரில், எத்தனை லிட்டர் வரை சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஆர்.ஓ. இருந்தால் பெரும்பாலான மருந்துகளை அதுவே நிறுத்திவிடும், தண்ணீர் வீணாவதுதான் அதன் குறை.

கேள்வி: அந்த நானோ துகளே தண்ணீரில் கலந்து வயிற்றுக்குள் போகாதா?

பதில்: போகலாம், அதனால்தான் தூளாகப் போடாமல் அலுமினா, உமிச்சாம்பல் மாதிரி ஏதாவது ஒன்றின் மேல் பதித்துவிடுகிறார்கள். குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிலை சொல்கிறது, சோதனை அறிக்கை கேட்டால் அந்த வரியைப் பாருங்கள். அப்புறம் தேதி முடிந்த கார்ட்ரிட்ஜ், அதாவது ஃபில்டருக்குள் மாற்றிப் போடும் வடிகட்டிக் குழல். பிடித்த விஷமெல்லாம் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும், நாம் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டு மழையில் நனைய விடுகிறோம். விற்றவரே பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.