இரண்டு முறை ஃபார்மேட் செய்தும் ஹேங் ஆகிறது: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 2021இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். இன்டெல் ஐ5-10400, 4 ஜிபி ராம் இரண்டு, விண்டோஸ் இருக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி, படங்களும் பழைய ஃபைல்களும் இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஏப்ரலிலிருந்து திடீர் திடீரென உறைந்துபோகிறது. சில நாள் பத்தே நிமிடத்தில். சில சமயம் இரண்டு நாள் ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு வந்த மெக்கானிக் இரண்டு தடவை ஃபார்மேட் செய்து, தடவைக்கு 600 ரூபாய் வாங்கினார். இப்போது "போர்டு போயிடுச்சு, 7,500 ஆகும்" என்கிறார். மாற்றிவிடலாமா?
(வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: இப்போது மாற்றாதீர்கள். புதிதாகப் போட்ட விண்டோஸிலும் அதே கோளாறு வந்தது என்றால், பெரும்பாலும் அது மென்பொருளால் வந்ததல்ல. இரண்டாவது ஃபார்மேட்டுக்குக் கொடுத்த 600 ரூபாய் வீண். ஆனால் போர்டுதான் என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. ராம், டிஸ்க், ப்ராசஸர் சூடு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பாகங்களுக்குக் கரன்ட் தரும் பெட்டி) ஆகிய நான்கும் சரி என்று தெரிந்த பிறகுதான் போர்டின் மேல் சந்தேகப்பட வேண்டும். நான்கையும் ஏறக்குறைய செலவில்லாமல் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதல் வேலை, முக்கியமானவற்றை வெளி டிஸ்க்கில் காப்பி எடுப்பது. டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனையும் அதற்குக் கூடுதல் சுமை. குழந்தைகளின் படங்கள் போனால் திரும்ப வராது.

அடுத்த தடவை உறையும்போது உடனே பவர் பட்டனுக்குப் போகாமல், கீபோர்டில் நம்லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே இயக்கம் இருக்கிறது. திரையோ டிஸ்க்கோதான் சிக்கியிருக்கிறது. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒரு கணம் இருண்டு, உறைந்தது விடுபட்டால் கிராபிக்ஸ் டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) பிரச்சினை. மவுஸ் நகர்கிறது, எதைச் சொடுக்கினாலும் திறப்பதில்லை, கேபினெட்டில் டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் விளக்கு விடாமல் எரிகிறது என்றால் டிஸ்க். நம்லாக் மாறவில்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே இடத்தில் "டர்ர்ர்" என்று நிற்கிறது என்றால் ராம், சூடு, கரன்ட் சப்ளை பக்கம் போக வேண்டும்.

மீண்டும் ஆன் செய்ததும் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு விழுந்தது என்று கட்டம் கட்டமாகக் காட்டும். அந்த நேரத்தை வைத்து ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்று ஒரு பிழை கட்டாயம் இருக்கும். "முறையாக அணைக்கப்படவில்லை" என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்ததைத்தான் அது பதிவு செய்கிறது. அதைக் காட்டி எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். அதற்குச் சற்று முன்னால் 7, 129, 153 எண்கள் இருந்தால் டிஸ்க் அல்லது அதன் கேபிள். வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயர் இருந்தால் ஹார்டுவேர் பிழை உறுதி.

எங்கள் முதல் சந்தேகம் உங்கள் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கின் மேல். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறதே, பழைய டிஸ்க் என்ன செய்துவிடும் என்று தோன்றும். அந்த டிஸ்க்கில் ஒரு செக்டார் (தகவல் பதியும் சிறு துண்டு) படிக்க முடியாமல் திணறினால், அதன் பதிலுக்காக விண்டோஸ் முழுவதும் காத்து நிற்கும். எஸ்எஸ்டியை மட்டும் எத்தனை தடவை ஃபார்மேட் செய்தாலும் இது தீராது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கெட்டுப்போன செக்டார்களைக் கணக்கிடும் 05, சி5 (C5), சி6 (C6) வரிகளைப் பாருங்கள். அந்த வரிகளின் கடைசிக் கட்டத்தில் உள்ள எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்கு விடைகொடுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது. டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும். எண்கள் சுத்தமாக இருந்தாலும், கரன்டை நிறுத்திவிட்டு அந்த டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றி, அது இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

எத்தனை நாள்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டர் சும்மாவே இரண்டு நாள் நன்றாக ஓடக்கூடியது. ஒரு மாற்றம் செய்து இரண்டு நாள் ஓடியதும் "சரியாகிவிட்டது" என்று பணம் கொடுத்தால் மூன்றாம் நாள் பழையபடி நிற்கும். கோளாறு இல்லாமல் ஓடிய மிக நீண்ட இடைவெளியைப் போல மூன்று மடங்கு, அதாவது ஆறு நாள் காத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்து ராம். இரண்டையும் கழற்றி, மஞ்சளாக மின்னும் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதி, இருபுறக் கொக்கியும் "டக்" என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள். கடற்காற்றும் ஈரமும் உள்ள சென்னையில் இந்தப் பற்களில் களிம்பு படிவது சகஜம். இதுவே பல கம்ப்யூட்டர்களைச் சரிசெய்துவிடும். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க விடுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் தேறவில்லை என்றுதான் பொருள். எது கெட்டது என்று அறிய ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். இரண்டுமே ஒரு ஸ்லாட்டில் தேறி, மற்றதில் தோற்றால் ஸ்லாட் பழுது. மெக்கானிக் சொன்னது அப்போது சரியாகிவிடும்.

ஏப்ரலில் தொடங்கியது என்கிறீர்கள். ஆகவே சூட்டையும் விடக்கூடாது. ஹெச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருளில் ப்ராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். ஏசி இல்லாத அறையில் சும்மா இருக்கும்போது 50 டிகிரிவரை கவலையில்லை. வேலை கொடுக்கும்போது 90ஐத் தாண்டினால் கூலரைக் கவனிக்க வேண்டும். இந்த ப்ராசஸருக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. கேபினெட்டைத் திறந்து ப்ராசஸரின் மேலுள்ள ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் (சூட்டை உறிஞ்சும் அலுமினியக் கட்டை) நடுவே டார்ச் அடித்தால், அலுமினியத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போலத் தூசி படிந்திருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷாலும் ப்ளோயராலும் எடுங்கள். அதோடு கூலரின் நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் கால்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். இன்டெல் கூலரில் ஒரு கால் மேலே எழும்பிவிட்டாலே ஹீட்சிங்க் சாய்ந்து சூடு ஏறிவிடும். கூலரைக் கழற்றினால் ப்ராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பழைய பேஸ்டை வழித்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைக்காமல் மாட்டக்கூடாது.

மிஞ்சுவது எஸ்எம்பிஎஸ். மல்ட்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையே இருக்க வேண்டும். இருந்தாலும் முழுத் தீர்ப்பு அல்ல, நொடிப்பொழுதில் வரும் ஏற்ற இறக்கத்தை மல்ட்டிமீட்டர் காட்டாது. தெரிந்தவர் வீட்டிலிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி ஆறு நாள் ஓட்டுவதே சரியான சோதனை. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் இதை முன்கூட்டியே செய்யுங்கள். புதிதாக வாங்க நேர்ந்தால், கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் கம்ப்யூட்டருக்கு 80 பிளஸ் முத்திரையுள்ள 450 வாட் தாராளம்.

இத்தனையும் தேறியும் உறைகிறது, பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸிலும் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) உறைகிறது என்றால் போர்டை மாற்றுங்கள். கழற்றிய பழைய போர்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூபிஎஸ் வாங்கினால் ஹேங் ஆவது நிற்குமா?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: நிற்காது. கரன்ட் போகும்போது கம்ப்யூட்டர் அணைந்துவிடாமல் காப்பதே யூபிஎஸ்ஸின் வேலை. அதற்குச் செலவழிக்கும் முன் எர்த்தைப் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் கையில் "சுர்" என்று இழுத்தால், அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்கு வயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உடனே சரிசெய்யுங்கள். இது ஆளின் பாதுகாப்புச் சமாச்சாரம்.

கேள்வி: 14 மாதம் முன்பு வாங்கிய ராம் பழுது. மூன்று வருட வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். பில் கேட்டபோது "பில் போட்டா ஜிஎஸ்டி கூட ஆகும்" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது கடையில் கைவிரிக்கிறார்கள். வழி உண்டா?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: உண்டு. முதலில் கடையை விட்டுவிட்டு ராமின் ஸ்டிக்கரைப் பாருங்கள். வாரண்டி தருவது பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனம். பிராண்டு ராம்கள் பலவற்றுக்கு லைஃப்டைம் அல்லது 10 வருடம் என்று போட்டிருப்பார்கள். சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிந்து பாருங்கள். சில நிறுவனங்கள் பில் கட்டாயம் என்பார்கள். சிலர் சீரியல் எண்ணை வைத்தே மாற்றித் தருவார்கள்.

கடைக்காரர் செய்ததும் தவறுதான். பில் தராமல் விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. துண்டுச்சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் விலை பேசிய செய்திகள் எல்லாமே சான்றுகள்; எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த தடவை பில்லில் ராம், எஸ்எஸ்டி, போர்டு, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். "கம்ப்யூட்டர் செட் - 1" என்று ஒரே வரியில் வரும் பில், வாரண்டி கேட்கும் நாளில் அதிகம் உதவாது. பில்லையும் ஸ்டிக்கர்களையும் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்லின் எழுத்து ஒரே வருடத்தில் மங்கிப்போகும்.