மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும்

வணக்கம். எனக்கு 34 வயது. ஏழு மாதம் முன்பு பேருந்தில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, செத்துவிடுவேன் என்றே தோன்றியது. அதன்பின் மூன்று முறை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரி, ‘ஒன்றுமில்லை, டென்ஷன்’ என்று அனுப்பிவிட்டார்கள். பையில் எப்போதும் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தும் பயனில்லை. பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். என்ன செய்வது?
– செ.

அன்புள்ள செ.,

‘ஒன்றுமில்லை’ என்பது இதயத்துக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு இருப்பதற்குப் பெயர் உண்டு: பேனிக் டிஸார்டர், அதாவது திடீர் பீதித் தாக்குகள் திரும்பத் திரும்ப வரும் கோளாறு. தாக்கு வந்துபோன பிறகும், அடுத்தது எப்போது என்ற பயத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் கழிவதும், அதற்குப் பயந்து பழக்கத்தை மாற்றிக்கொள்வதும் இதன் அடையாளம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதோடு பரிசோதனைகளை நிறுத்திக்கொள்ளலாம். நான்காவது எக்கோ தரும் நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

முதலில் மூச்சு. பதற்றத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. தலை கிறுகிறுப்பதும் விரல் மரப்பதும் அதனால்தான். அந்த நேரத்தில் இன்னும் ஆழமாக இழுத்தால் இன்னும் குறையும். மூச்சுப் பயிற்சி வேண்டுமென்றால் ஆழமாக வேண்டாம், மெதுவாக: நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே. அதுவும் சாதாரண நேரத்தில்.

அடுத்தது மாத்திரை. தாக்கு பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானே இறங்கத் தொடங்கும். விழுங்கிய அல்பிரசோலம் வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய அரைமணி ஆகும். அதற்குள் தாக்கு பாதி அடங்கியிருக்கும், ஆனால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. தண்ணீர் பாட்டில், வாசலோர இருக்கை, கைக்கடிகாரத்தில் நாடி பார்ப்பது எல்லாம் இதே கதைதான். ‘இவை இருந்ததால் பிழைத்தேன்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அல்பிரசோலத்தைத் தினமும் எடுப்பவராக இருந்தால் சட்டென நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நன்றாகப் பலன் தருவது, பயப்படும் உணர்வை நாமே வரவழைத்துப் பழகுவது. மெல்லிய ஸ்ட்ராவால் மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. இன்னொரு முறை நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள். சுழல்நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். எது உங்கள் தாக்கைப் போலவே இருக்கிறதோ அதுதான் உங்களுக்கான பயிற்சி. முடித்ததும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். தண்ணீர் குடிக்காதீர்கள், நாடி பார்க்காதீர்கள், சும்மா உட்காருங்கள். படபடப்பு தணிந்ததும் மறுபடியும். மதிப்பெண் பாதியாகும்வரை தினமும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: லேசாகத் தலை சுற்றியதும் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சுற்றலுக்காகத்தானே செய்கிறோம்!

வீட்டில் இது சலித்துப்போன பிறகு பஸ். முதலில் இரண்டு நிறுத்தம், கூட்டமில்லாத வேளையில். பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் இறங்காதீர்கள், அந்த நிம்மதி அடுத்த முறைக்கு வட்டி கேட்கும். பிறகு பாட்டில் இல்லாமல், கடைசியில் மாத்திரை இல்லாமல்.

இத்தனைக்கும் பிறகும் தாக்குகள் அடிக்கடி வந்தால், அல்லது பயிற்சியையே தொடங்க முடியவில்லை என்றால், மனநல மருத்துவர் செர்ட்ராலின் போன்ற மருந்து தரலாம். சாதாரணமாக 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு கூடலாம். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பலர் விடுவது அப்போதுதான். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

நடந்தால், மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, வலி தாடைக்கோ கைக்கோ பரவுகிறது, நினைவு தப்பி விழுகிறீர்கள் என்றால் இந்தப் பதிலை ஒதுக்கிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.