சைக்கிள் கவுன்ட்டர் உண்மையில் எதை எண்ணுகிறது? – கேள்வி பதில்

ப்ராசஸருக்குள் இருக்கும் கவுன்ட்டரைப் படித்து நேரம் அளப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். பல பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, லேப்டாப்பில் ஆர்டிடிஎஸ்சி (கவுன்ட்டரைப் படிக்கும் ஆணை) வைத்து ஒரு ஃபங்ஷனை அளந்தேன். சார்ஜரில் இருந்தால் 700 சொச்சம், பேட்டரியில் 3,600 வரை போகிறது. கோடு (நிரல்) அதேதான். சைக்கிள் (ப்ராசஸரின் ஒரு துடிப்பு) எண்ணிக்கை எப்படி மாறும்?

பதில்: சைக்கிள் மாறவில்லை தம்பி. நீங்கள் படிப்பது சைக்கிளே இல்லை. 1993-ல் பென்டியத்தோடு இந்த ஆணை வந்தபோது கவுன்ட்டர் கோரின் (ப்ராசஸருக்குள் ஆணைகளைச் செய்யும் பகுதி) துடிப்பைத்தான் எண்ணியது. பிறகு கோரின் வேகம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கத் தொடங்கியதும், இன்டெலும் ஏஎம்டியும் அதை ஒரே வேகத்தில் ஓடும் கடிகாரமாக மாற்றிவிட்டன. பெயர் மட்டும் பழையபடி ஒட்டிக்கொண்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஃபங்ஷனுக்கு 1,200 கோர் சைக்கிள், கவுன்ட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைப்போம். கோர் 4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 300 நானோ விநாடியில் முடியும். கவுன்ட்டர் 720 காட்டும். பேட்டரியைச் சேமிக்கக் கோர் 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 1,500 நானோ விநாடி, அதாவது 3,600. இரண்டுமே சரியான அளவுதான், ஆனால் நேரத்தின் அளவு.

லினக்ஸில் சிபியு தகவல் கோப்பைத் திறந்து 'கான்ஸ்டன்ட்_டிஎஸ்சி', 'நான்ஸ்டாப்_டிஎஸ்சி' இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள் (டிஎஸ்சி என்பது இந்தக் கவுன்ட்டரின் பெயர்). முதலாவது வேகம் மாறாது என்பதற்கு, இரண்டாவது ஆழ்ந்த உறக்க நிலையிலும் நிற்காது என்பதற்கு. நிஜமான கோர் சைக்கிள் வேண்டுமானால் பெர்ஃப் என்ற லினக்ஸ் கருவி வழியாக வன்பொருள் கவுன்ட்டரைக் கேளுங்கள். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தக் கவுன்ட்டர் கோரை எண்ணுகிறதா, கடிகாரத்தை எண்ணுகிறதா?

கேள்வி: நாலே நாலு ஆணையை அளந்தால் சில சமயம் காலி அளவை (நடுவில் எதுவும் இல்லாமல் அளந்ததை) விடக் குறைவாக வருகிறதே?

பதில்: பென்டியம் ப்ரோ காலத்திலிருந்தே ப்ராசஸர் ஆணைகளை எழுதிய வரிசையில் செய்வதில்லை. கவுன்ட்டரைப் படிக்கும் ஆணையும் வரிசை தாண்டிப் போகும். தொடக்கத்தில் எல்ஃபென்ஸ் (முந்தியவை முடியும்வரை அடுத்ததை நிறுத்திவைக்கும் ஆணை), ஆர்டிடிஎஸ்சி, மறுபடி எல்ஃபென்ஸ்; முடிவில் ஆர்டிடிஎஸ்சிபி, பிறகு எல்ஃபென்ஸ் என்று வையுங்கள். ஆர்டிடிஎஸ்சிபி தனக்கு முன்னால் உள்ளவை முடியும்வரை காத்திருக்கும். பின்னால் உள்ளவை முந்திக்கொள்வதை அது தடுக்காது, அதனால்தான் கடைசி எல்ஃபென்ஸ். பழைய கட்டுரைகளில் தடுப்பாக சிபியுஐடி ஆணையைப் போடச் சொல்வார்கள். வெர்ச்சுவல் மெஷினில் அதைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஹைப்பர்வைசரிடம் (அந்த மெஷினை நடத்தும் மென்பொருள்) போய்த் திரும்பும், அளவு பாழ். கம்பைலரும் வரிகளை நகர்த்தும் என்பதால் அதற்கும் ஒரு தடுப்பு தேவை.

கேள்வி: சார், ராஸ்பெர்ரி பை 4-ல் என் ஃபங்ஷனுக்கு எப்போதும் 0 அல்லது 1 தான் வருகிறது. கவுன்ட்டர் கெட்டுவிட்டதா?

பதில்: நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்ம் வகை ப்ராசஸரில் எல்லா ப்ரோக்ராமும் படிக்கக்கூடிய அந்தக் கவுன்ட்டர் பை 4-ல் 54 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு துடிப்புக்கு சுமார் 18.5 நானோ விநாடி. கோர் 1.5 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய 28 சைக்கிள் போய்விடும். பை 3-ல் இது 19.2 மெகாஹெர்ட்ஸ், ஆப்பிள் எம்1-ல் 24. வேகத்தை நீங்களாக ஊகிக்க வேண்டாம், பக்கத்திலேயே இருக்கும் சிஎன்டிஎஃப்ஆர்கியூ ரிஜிஸ்டரைப் படித்தால் அதுவே சொல்லும். ஆர்ம்வி8.6 முதல் 1 கிகாஹெர்ட்ஸ் என்று நிர்ணயித்திருக்கிறார்கள்.

கோர் சைக்கிளை எண்ணும் பிஎம்சிசிஎன்டிஆர் தனியாக இருக்கிறது. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அனுமதிக்காமல் அதைத் தொட்டால் ப்ரோக்ராம் அங்கேயே விழும். எளிய வழி, ஃபங்ஷனை ஆயிரம் தடவை ஓடவிட்டு வகுப்பது. ஆனால் முதல் சுற்றுக்குப் பிறகு தரவு கேஷுக்குள் (ப்ராசஸரின் வேக நினைவகம்) வந்து உட்கார்ந்திருக்கும்; நிஜ வாழ்வில் ஒரே ஒரு தடவை ஓடும் கோடுக்கு அந்தச் சராசரி பொருந்தாது.

கேள்வி: ரிஸ்க்-வி (இன்னொரு ப்ராசஸர் வகை) போர்டில் ஆர்டிசைக்கிள் (கோர் சைக்கிளைப் படிக்கும் ஆணை) போன வருடம் வேலை செய்தது. கெர்னலை மாற்றியதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'.

பதில்: லினக்ஸ் 6.6-லிருந்து சாதாரண ப்ரோக்ராம்கள் அதைப் படிப்பதைத் தடுத்துவிட்டார்கள். துல்லியமான கவுன்ட்டர் இருந்தால் பக்கத்து ப்ரோக்ராமின் ரகசியத்தை நேரத்தை வைத்தே ஊகிக்க முடியும் என்பது காரணம். எனக்கு இது நியாயமான முடிவாகவே படுகிறது. நேரம் போதுமென்றால் நேரத்தைப் படிக்கும் ஆர்டிடைம் இன்னும் திறந்திருக்கிறது, சைக்கிள் வேண்டுமென்றால் பெர்ஃப்.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகண்ட்ரோலரில் சைக்கவுன்ட் (சைக்கிள் கவுன்ட்டர்) எப்போதும் பூஜ்யம்.

பதில்: முதலில் டிஇஎம்சிஆர் ரிஜிஸ்டரில் ட்ரேஸ் பிட், அடுத்து டிடபிள்யூடி பகுதியில் கவுன்ட்டர் பிட். இரண்டையும் போட்டால் ஓடும். 32 பிட் கவுன்ட்டர் என்பதால் 72 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 59.7 விநாடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். அன்சைன்ட் (குறியில்லாத எண்) கழித்தல் செய்தால் ஒரு சுற்று வரை பிழை வராது. கார்டெக்ஸ்-எம்0 கோரில் இது கிடையாது, சிஸ்டிக் என்ற டைமரை வைத்து ஒப்பேற்ற வேண்டும்.

இந்தச் சுற்றல் பெரிய ப்ராசஸரிலும் கடிக்கும். 64 பிட்டின் கீழ்ப் பாதியை மட்டும் எடுத்து வைத்திருந்த ஒரு நிரலை இரண்டு நாள் துருவியிருக்கிறேன். 3 கிகாஹெர்ட்ஸில் 1.43 விநாடிக்கு ஒருமுறை சுற்றியதால், நீண்ட வேலைகளெல்லாம் குறுகியவையாகத் தெரிந்தன. முழு 64 பிட்டையும் எடுத்தால் அதே வேகத்தில் சுற்றி வர சுமார் 195 வருடம்.

கேள்வி: சராசரி எடுப்பதா, குறைந்தபட்சமா?

பதில்: சின்ன கோடுக்குக் குறைந்தபட்சம். நடுவில் வரும் இன்டரப்ட் (குறுக்கீடு) நேரத்தைக் கூட்டும், ஒருநாளும் குறைக்காது.

கேள்வி: எல்லா மெஷினுக்கும் ஒரே கோடு எழுத முடியுமா?

பதில்: ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனித்தனி ஆணை என்பதால் உள்ளே பல கிளைகள் வேண்டும். எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தின் 'சைக்கிள்.ஹெச்' கோப்பில் பவர்பிசி, ஸ்பார்க், ஆல்ஃபா வரை தொகுத்து வைத்திருக்கிறார்கள்; பார்த்துப் படிக்கத் தகுந்தது. ஆனால் நீங்கள் அளப்பது சில மைக்ரோ விநாடிகளுக்கு மேல் என்றால் கிளாக்_கெட்டைம் என்ற நேரம் கேட்கும் ஃபங்ஷன் போதும். டிஎஸ்சி நம்பகமாக உள்ள எக்ஸ்86 லினக்ஸில் அது கெர்னலுக்குள் போகாமலே அதே கவுன்ட்டரைப் படித்து, நானோ விநாடியாக மாற்றித் தருகிறது. கெர்னல் டிஎஸ்சியை நம்பாமல் ஹெச்பெட் என்ற வேறொரு டைமருக்கு மாறியிருந்தால் மட்டும் ஒவ்வொரு அழைப்பும் மெதுவாகும். தற்போதைய கிளாக்சோர்ஸ் (கெர்னல் நேரம் பார்க்கும் கடிகாரம்) எது என்று அளக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.